பாத்திரம் வரும் வரை

சமாதானம் கொடுக்கிற நேரம் வந்தாலே ஜெபக்கனிக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே வேர்த்தது, சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து மாளவில்லை, ஏனென்றால் பீடத்தண்டை நிற்கிற சபைப் போதகர் ஐயரின் கையிலிருந்து முதல் சமாதானத்தை வாங்குகிறவன் இன்றைக்குப் பால்துரை. வெள்ளை அங்கி, படிய வாரின தலை, ஷேவ் பண்ணி மழுமழுவென்று முகம், யாரோ புது ஆள் என்று நினைத்துவிடலாம், ஆனால் இடது தோளைக் கொஞ்சம் இறக்கி நிற்கிற நிலை மட்டும் பழைய பால்துரைதான், அவள் வீட்டு அடுக்களை நிலைப்படியில் சாய்ந்து நின்று அத்தை இன்னும் ஒரு மீன் கிடக்கா என்று கேட்கிறவன் நின்ற அதே நிலை. ஊழியத்துக்குப் படித்து முடித்து உபதேசியாராகச் சொந்த ஊருக்கே வந்துவிட்டான். ஐயருக்கு வயசாகிக் கை நடுக்கம், போன தடவை திருவிருந்தில் திராட்சரசம் ரெண்டு பேர் சேலையில் கொட்டிவிட்டது, பாத்திரம் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று மேலிடத்தில் அனுமதி வாங்கி இவனைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள், இன்றைக்குத்தான் முதல் தடவை. அவன் கையிலிருந்து முதல் பெஞ்சுக்கு, முதல் பெஞ்சிலிருந்து இரண்டாவதுக்கு, கூப்பின கையை இன்னொருத்தர் கைக்குள் வைத்து எடுத்து, அதைத் திரும்பி அடுத்தவருக்குக் கொடுத்து, சமாதானம் பெண்கள் பக்கம் ஒவ்வொரு வரிசையாக வந்துகொண்டே இருந்தது, எழுந்து வெளியே போனால் ஒழிய அதைத் தப்ப முடியாது, எழுந்து வெளியே போக அவள் யார், ஊரெல்லாம் சாட்சி சொன்னவள். பக்கத்தில் இருந்த வயலட் டீச்சர் பவுடர் வாசனையோடு திரும்பி அவள் கையைத் தன் இரண்டு கைக்குள் வாங்கிக்கொண்டாள். “என்னட்டி ஜெபக்கனி, கை இப்படி சில்லுனு ஈரமா இருக்கு, மேலுக்குச் சொகமில்லையா?” “ஒண்ணுமில்ல டீச்சர், வேக்காடு.” மார்கழி பிறக்கப் போகிற நேரத்தில் என்ன வேக்காடு, டீச்சரும் கேட்கவில்லை, இவளும் பின்னால் திரும்பி, வாங்கினதை அப்படியே பின் பெஞ்சு சின்னப்பெண்ணிடம் தள்ளிவிட்டாள். அவளிடம் ஒன்றும் தங்கவில்லை. இத்தனை வருஷமும் தங்கினதில்லை.

சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், அந்த வாடை மூக்கைப் பிடித்தது, பண்டிகைக்கு வெள்ளையடித்தால் மகன் எபிக்குத் தும்மல் வந்துவிடும், பாட்டுக்கு நடுவில் தும்முவான், பெஞ்சுக்கடியில் குனிந்து அவனும் பால்துரையும் சிரிப்பார்கள், அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும். நினைக்காதே என்று சொன்னால் கேட்கிற மனசா அது. ஐயர் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணினார், பிட்டார், சபை மண்டியிட்டது, கர்த்தர் கற்பித்த ஜெபம் ஆரம்பித்தது, எல்லார் குரலோடும் அவள் குரலும் போனது, வானத்தில் ஆரம்பித்து, அப்பத்துக்கு வந்து, அப்பத்துக்கு அடுத்த வரி வந்ததும் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நாங்களும் மற்றவர்களுக்கு மன்னிக்கிறதுபோல என்று ஒரு நிபந்தனையை யார்தான் வைத்தார்களோ, அதைச் சொல்லாமல் தாண்டினால் மற்ற வரிகளைச் சொல்லி என்ன பிரயோசனம், ஆனாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள், உதட்டை அசைக்கிறவளை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள். கர்த்தர் பார்ப்பார். பார்க்கட்டும். பார்த்து ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாரே, அதுதான் அவளுக்குப் பயம். அபாத்திரமாகத் திருவிருந்து எடுக்கிறவர்கள் தங்களுக்கே ஆக்கினையைத்தான் சாப்பிடுகிறார்கள் என்று ஞாயிறு பள்ளியிலேயே நெட்டுருப் போட்டவள் அவள், முதல் தடவை பொய்யோடு எடுத்தபோது வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்து, இப்போது நெஞ்சு அடைக்கும், இப்போது கை இழுத்துக்கொள்ளும் என்று காத்திருந்தாள், மத்தியானம் பசித்தது, எழுந்து சோறு பொங்கித் தின்றாள். அதற்குப் பிறகு எத்தனையோ தரம் எடுத்தாயிற்று, ஒன்றும் ஆகவில்லை, முட்டுவலி மட்டும்தான், அதையும் டாக்டர் வயசுக்கு வருகிறது என்று சொல்லிவிட்டார்.

பொய் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. கன்வென்ஷன் பந்தலில் அன்றைக்கு அவள் எழுந்து நின்றது நிஜம். எபியைப் புதைத்து அடுத்த வருஷம், வெளியூர்ப் பிரசங்கியார் ஒருத்தர், கண்ணை மூடிக்கொண்டு, இந்தக் கூட்டத்தில் ஒரு தாய் இருக்கிறாள், அவள் நெஞ்சில் ஒரு கல் இருக்கிறது என்றார், எல்லாத் தாயிடமும்தான் இருக்கிறது, ஆனால் வயலட் டீச்சர் முழங்கையால் இடித்தாள், ஜெபக்கனி எழுந்துவிட்டாள், எழுந்த உடனே அந்தப் பக்கமிருந்து பால்துரை ஓடிவந்து காலில் விழுந்தான், பாதத்தைக் கட்டிக்கொண்டு கேவினான், யாரோ மைக்கை அவள் வாயண்டை கொண்டுவந்து வைத்தார்கள். மைக் வாயண்டை இருக்கிறது, பந்தல் முழுக்க ஜனம், காலடியில் எபியோட சேக்காளி, அவன் தலை எண்ணெய் அவள் பாதத்தில் ஈரமாகப் பட்டது, அந்த இடத்தில் ஒரு பொம்பளை வேறு என்ன சொல்ல முடியும். மன்னிச்சிட்டேன் என்றாள். ஸ்பீக்கர் அதை ஊர் எல்லை வரைக்கும் கொண்டுபோனது. அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை, பக்கத்துச் சபைப் பெண்கள் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், போனாள், அடுத்த சபையில் கூப்பிட்டார்கள், போனாள், போகப் போகச் சாட்சி நன்றாக வளர்ந்தது, எபி செத்த வாரம் கர்த்தர் கனவில் வந்து மகளே அவனை விடு என்று சொன்னதாக ஒரு ஊரில் தானாக வாயில் வந்தது, பெண்கள் எல்லாம் அழுதார்கள், அப்புறம் அதை எடுக்க மனசு வரவில்லை. கர்த்தர் கனவில் வரவில்லை. எபிகூட வரவில்லை. ஒரு தடவையாவது வந்து நின்றால் கேட்பாள், நீயாவது மன்னிச்சிட்டியாலே என்று.

இந்த மன்னிப்பு இவளிடம்தான் பொய்யாக இருந்தது, பால்துரையிடம் போய் நிஜமாகிவிட்டது, அதுதான் வேடிக்கை. அதுவரை சாராயக் கடையே கதி என்று கிடந்தவன், ஒரு ராத்திரிகூட ஒழுங்காகத் தூங்காதவன், அன்றைக்கு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினானாம், மறுநாளே குடியை விட்டான், வேதம் படித்தான், ஊழியத்துக்குப் போனான், முகத்தில் ஒரு தெளிச்சி வந்துவிட்டது. ஊரில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமையெல்லாம் தவறாமல் ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் கழற்றிப் போட்ட செருப்புக் குவியலில் அவள் செருப்பைத் தேடி எடுத்து, முட்டுவலிக்காரி குனியக் கூடாது என்று, காலை நேராக நுழைக்கிற மாதிரித் திருப்பி வைப்பான், பாத்து நடங்க அம்மா என்பான். முன்னாலெல்லாம் அத்தை. பந்தலுக்குப் பிறகு அம்மா. உங்களுக்கு நான் மகன் இல்லையா அம்மா என்று ஒரு நாள் கேட்டும் விட்டான், அவள் தலையை ஆட்டினாள், அந்த வார்த்தை காதில் விழும் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒன்று தோன்றும். அவளைத் தின்று அவன் வளர்ந்த மாதிரி. தப்பு, இப்படி நினைக்கக் கூடாது, ஒரு பாவி மனந்திரும்பினால் சந்தோஷப்பட வேண்டும், பரலோகமே சந்தோஷப்படுகிறதாம், பரலோகத்துக்கு என்ன, அதற்குப் பிள்ளை திரும்பக் கிடைத்தது.

ஆண்கள் பக்கம் முதல் வரிசை எழுந்து, பீடத்துக்கு முன்னால் மண்டியிடுகிற கிராதிக்குப் போனது. இந்த வரிசைகள் முடிந்துதான் பெண்கள், அதுவரைக்கும் நேரம் இருக்கிறது, எழுந்து போய்விடலாம், மயக்கம் வருகிறது என்று சொல்லலாம். சன்னல் வழியாகக் கோபுரத்தின் அடிப்பாகம் தெரிந்தது, அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை, மேலே கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்குகிறது என்று அவளுக்குத் தெரியும். எபிக்குப் பிறகு அதை மேலே ஏற்றுவதில்லை, வாசல் வளைவோடு கட்டி நிறுத்திக்கொண்டார்கள், இந்த வருஷம் வாலிபர்கள் ஆசைப்படுகிறார்கள் என்று வயலட் டீச்சர் வந்து கேட்டாள். “நீ சரின்னாத்தான் ஏத்துவோம்னு சொல்லுதானுவ, ஒன் மனசு நோவக் கூடாதுல்லா.” மன்னித்தவள் என்ன சொல்ல முடியும், ஏத்தட்டும் டீச்சர் என்றாள். அந்த வருஷமும் இதே மாதிரி கிறிஸ்து வருகையின் முதல் ஞாயிற்றுக்கு முந்தின நாள்தான். எபி கோபுரத்து விளிம்பில் நின்றான், பால்துரை கீழே நின்று உருளைக் கயிற்றை இழுத்தான், மூங்கில் சட்டத்து நட்சத்திரம் விளிம்பு வரை போய்விட்டது, எபி குனிந்து அதன் ஒரு முனையை எட்டிப் பிடித்துவிட்டான், கட்டவேண்டியதுதான் பாக்கி, அந்த நேரம் பால்துரை சட்டைப் பையில் போன் அடித்தது. ஒரு கையை எடுத்தான். கயிறு நழுவினது, நட்சத்திரம் கீழே இறங்கினது, பிடித்திருந்த பிள்ளையும் கூடவே வந்தான். இவ்வளவுதான், சாட்சியில் அவள் இதை இதைவிட நன்றாகச் சொல்வாள்.

போன். அதைச் சாட்சியில் சொல்வதில்லை. ஒரு நிமிஷக் கவனக்குறைவு என்று மட்டும் சொல்வாள், அந்த இடத்தில் தண்ணீர் வாங்கி ஒரு வாய் குடிப்பாள். யாருடைய போன் என்று சபைக் கமிட்டியில் கேட்டார்கள். போலீஸ்காரரும் கேட்டார். ராங் நம்பர் என்று சொன்னான் பால்துரை. அவ்வளவு அழுகையிலும் அதை மட்டும் தெளிவாகச் சொன்னான், ராங் நம்பர், யார்னு தெரியல. எபி தன் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தான், சாளை மீன் பொரித்து ஆறிக்கொண்டிருந்தது, ஆறின மீனை அவன் தொடமாட்டான், அதனால் சேக்காளிக்கு அடித்தாள், ஏலே பால்துரை அவன சாப்பிட அனுப்புலே என்று சொல்வதற்கு, அவ்வளவுதான், ஒரு தாய் தன் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை, திரும்ப அடிப்போம் என்று விரலை வைத்தாள், கோயில் பக்கம் சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் பால்துரை அதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அவளிடம்கூடச் சொல்லவில்லை. சாடையாகக்கூடக் காட்டவில்லை. குடித்துக் கிடந்த நாளிலும் வாய் தவறவில்லை. அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும், இதற்கு மேல் என்ன. ஒரு நாள் வந்து, நீ போன் அடிச்சதுனாலதானே என்று ஒரே ஒரு தடவை கத்தியிருந்தால், இவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், ரெண்டு பேரும் மண்ணில் விழுந்து அழுதிருப்பார்கள், அப்படி ஏதாவது ஆகியிருந்தால் ஒருவேளை மன்னிப்பு என்று சொல்கிறார்களே அது வந்திருக்கும். அவன் கத்தவில்லை. அவன் அவளை மூடி வைத்திருக்கிறான், பத்திரமாக, ஒவ்வொரு ஞாயிறும் செருப்பைத் திருப்பி வைக்கிறான். கெட்டவனாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம். இவ்வளவு நல்லவனாக இருக்கிறவனை என்ன செய்வது.

“எழும்புட்டி, நம்ம வரிசை.” வயலட் டீச்சர் தொடையில் தட்டினாள். முட்டு இரண்டும் நிமிர மறுத்தது, முன் பெஞ்சைப் பிடித்து எழுந்தாள், போகாமல் உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள், கால் கேட்கவில்லை, எல்லாரும் நடந்தால் அதுவும் நடக்கும். சிமெண்டுத் தரை பாதத்தில் குளிர்ந்தது. முன்னால் போகிறவள் சேலைக் கரையில் மண் ஒட்டியிருந்தது. சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு எண்ணம் வந்தது, கிராதியில் மண்டியிட்டு அவன் குனியும்போது காதோடு சொல்லிவிட்டால், நான்தாம்லே அடிச்சேன், ஒன்ன நான் இன்னும் மன்னிக்கல, என்னைய நீ மன்னிச்சது எனக்குப் பிடிக்கல. மூன்று வாக்கியம். அதைச் சொன்னால் அவன் கையிலிருக்கிற பாத்திரம் என்ன ஆகும், அந்த அங்கி என்ன ஆகும், தூங்குகிற ராத்திரியெல்லாம் என்ன ஆகும், இவளுடைய ஒரு வார்த்தைமேல்தான் அவன் மொத்தமும் நிற்கிறது, அதை உருவிவிட்டால் திரும்பச் சாராயக் கடைதான். அப்படி அவன் விழவேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆசையாக இருந்தது என்று தெரிந்ததும் உடம்பெல்லாம் கூசிப்போனது. வேண்டாம், குடித்துவிடுவோம், எப்போதும்போல ஒரு வாய், கண்ணை மூடி, மருந்து மாதிரி, ஐயர் கையிலிருந்து வந்தால் என்ன, இவன் கையிலிருந்து வந்தால் என்ன, ரசம் ஒன்றுதான். அப்படித் தீர்மானம் பண்ணிக்கொண்டு கிராதியண்டை மண்டியிட்டாள், முட்டு நொறுங்குகிற மாதிரி வலித்தது, அந்த வலி நல்லதாக இருந்தது, அதில் கொஞ்ச நேரம் இருக்கலாம்.

ஐயர் நடுங்குகிற கையால் அப்பத்தை உள்ளங்கையில் வைத்தார், அது நாக்கில் ஒட்டிக்கொண்டு கரையாமல் கிடந்தது. பின்னாலேயே பால்துரை வருகிறான், இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொருத்தியாக, அங்கியின் விளிம்பு தெரிகிறது, கஞ்சி போட்ட துணியின் சரசரப்பு, ஒவ்வொருத்தி குடித்ததும் வெள்ளைத் துணியால் பாத்திரத்தின் விளிம்பைத் துடைக்கிறான், கொஞ்சம் திருப்புகிறான், அடுத்தவள். கையில் காய்ப்பு இன்னும் இருக்கிறது. கயிறு இழுத்த கை. அந்தக் கையை அவள் பார்க்காமல் இருந்திருக்க வேண்டும். பக்கத்தவள் குடித்தாள், ஆமென் என்றாள். பாத்திரம் முகத்தருகே வந்தது, வெள்ளியில் அவள் மூக்கு பெரிதாகத் தெரிந்தது, திராட்சரசத்தின் இனிப்பு வாடை அடித்தது, குடித்துவிடுவாள், நிச்சயமாகக் குடித்துவிடுவாள், உதட்டைத் திறக்கவும் திறந்தாள். அவன் சொல்லவேண்டிய வார்த்தைகளை மெதுவாக, ஒரு எழுத்து பிசகாமல் சொன்னான், சொல்லி முடித்து, வேறு யாருக்கும் சொல்லாத ஒரு சொல்லை, தன் சந்தோஷம் தாளாமல்தானோ என்னவோ, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கூடச் சேர்த்தான். “அம்மா.” உதடு மூடிக்கொண்டது. அவள் மூடவில்லை, அது மூடிக்கொண்டது. அவன் பாத்திரத்தைச் சாய்த்தான், ரசம் வந்து மூடின உதட்டில் முட்டி நின்றது, இன்னும் கொஞ்சம் சாய்த்தான், ஒரு சொட்டு மோவாயில் இறங்கினது. திறக்க வேண்டும் என்று நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தபோது அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், முதலில் ஒன்றும் புரியாமல், பிறகு புரிந்து. எல்லாம் புரிந்தது அந்த முகத்துக்கு, பந்தலிலிருந்து இன்றைக்கு வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறாகப் புரிந்தது, அவள் அதைக் கண்ணால் பார்த்தாள். கை நடுங்கவில்லை. பாத்திரத்தை நிமிர்த்தினான், அவள் குடிக்காத விளிம்பைத் துணியால் துடைத்தான், மற்றவர்களுக்குத் துடைத்த அதே அளவுக்குத் துடைத்து, கொஞ்சம் திருப்பி, வயலட் டீச்சரிடம் போய்விட்டான்.

ஒருத்தருக்கும் தெரியாது. பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்ததும் மோவாயைத் துடைத்துக்கொண்டாள், தலைப்பில் சின்னதாக ஒரு கறை. சொல்லியாயிற்று. வாயைத் திறக்காமலேயே சொல்லியாயிற்று, இத்தனை வருஷம் நெஞ்சில் வைத்திருந்ததை இறக்கியாயிற்று, இப்போது லேசாக வேண்டும். காத்திருந்தாள், பாட்டு ஆரம்பித்தது, பாட்டு முடிந்தது, ஆசீர்வாதம் கொடுத்தார்கள், லேசாகவில்லை. கல் போன இடமாவது காலியாக இருக்கும் என்று நினைத்தாள், கல்லும் அங்கேயேதான் இருந்தது. பீடத்தண்டை பால்துரை முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரத்தில் மிச்சமிருந்ததைக் குடித்தான், தண்ணீர் விட்டு அலசி அதையும் குடித்தான், அப்படித்தான் செய்யவேண்டும், ஒரு சொட்டு வீணாகக் கூடாது. அவள் விட்டதையும் சேர்த்து அவன்தான் குடித்தான். இனிமேல் இவன் தூங்குவானா என்று நினைத்தாள், அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, கவலைப்படுகிற மாதிரி இருந்தது, கவலைப்பட அவளுக்கு என்ன உரிமை.

வெளியே வெயில் ஏறிவிட்டது, செம்மண் பாதத்தைச் சுட்டது. எல்லாரும் அண்ணாந்து நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவள் பார்க்கவில்லை, வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு செருப்புக் குவியலைப் பார்த்தாள், அவளுடையது ஒன்று எதிலோ ஏறிக் குப்புறக் கிடந்தது. வரமாட்டான். வரக் கூடாது. குனிந்து தானே எடுப்போம் என்று முட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், குனியவில்லை, கூட்டம் கலைகிற வரைக்கும் நின்றாள், எதற்காக நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டே நின்றாள். அங்கியைக் கழற்றிவிட்டு வேட்டி சட்டையோடு அவன் வந்தான். யாரையும் பார்க்காமல் நேரே வந்து குனிந்து, ஒன்றைத் தேடி எடுத்து, இன்னொன்றை நிமிர்த்தி, இரண்டையும் சேர்த்து வாசலைப் பார்த்துத் திருப்பி அவள் காலருகே வைத்தான். வழக்கம்போலத்தான். கண் மட்டும் சிவந்திருந்தது. “பாத்து நடங்க அத்தை” என்றான்.

வாரேன் என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் ஐயருடைய பையை வாங்க அவன் போய்விட்டான். செருப்பு நேராகத்தான் கிடந்தது, குனியாமல் மாட்டிக்கொண்டாள். வயலட் டீச்சர் பின்னாலேயே வந்து, இன்னைக்கு என்ன அருமையா பாத்திரம் பிடிச்சான் பாத்தியா, எல்லாம் நீ அன்னைக்கு மன்னிச்சதுட்டி என்றாள். “ஆமா டீச்சர்.” கேட்டைத் தாண்டித் தெரு முனை வரைக்கும் டீச்சர் பேசிக்கொண்டே வந்தாள், இவள் ஊம் கொட்டிக்கொண்டே வந்தாள், டீச்சர் வீட்டுப் பக்கம் திரும்பினதும் தனியாக நடந்தாள். அம்மா என்று அவளைக் கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஒருத்தன்தான் மிச்சம் இருந்தான், அவனும் இன்றைக்கு நிறுத்திவிட்டான்.